பாத்திரம் வேறு, சாப்பாடு வேறு: பழைய டிஸ்க்குகளைக் கணினிக்கு மாற்றுவதற்கு முன்

கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அதை இறக்கச் சொன்னார். உள்ளே நூற்றுப் பத்து டிவிடி, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு விசிடி, ஐந்தாறு ப்ளூ-ரே, வெள்ளைக் காகித உறையில் இரண்டு கல்யாண டிஸ்க்குகள். அவற்றைப் போட்டுப் பார்த்த பிளேயர் செத்து நாலு வருஷமாகிறது. "இதையெல்லாம் எம்பி4-ஆ மாத்தி ஒரு ஹார்டு டிஸ்க்குல போட்டுக் குடுத்துடுப்பா. எச்டி குவாலிட்டில இருக்கட்டும். பேக்கப்பும் ஆச்சு, டிவில பாக்கவும் ஆச்சு" என்றார்.

அந்தப் பேச்சில் மூன்று தவறான நினைப்புகள் இருந்தன. எம்பி4 ஆக மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மாற்றினாலும் அது எச்டி ஆகாது. ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைப்பதற்குப் பெயர் பேக்கப்பும் இல்லை. சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மெமரி கார்டில் படம் ஏற்றித் தரும் கடைக்காரரிலிருந்து கணினி படித்த பையன் வரை எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். 2009-இல் நானும் இப்படி நினைத்துத்தான் அறுபது டிஸ்க்குகளைப் பாழாக்கினேன். அந்தக் கதை பின்னால் வரும்.

## டிபன் கேரியர்

ஒரு சினிமாக் கோப்பை டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கில் சாதம், அடுத்ததில் சாம்பார், மேலே பொரியல். படக் கோப்பிலும் அப்படித்தான். ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் தமிழ் ஒலி, வேறொன்றில் தெலுங்கு ஒலி, மேலே ஆங்கில சப்டைட்டில். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து நிற்கும் கம்பியும் பிடியும்தான் 'கன்டெய்னர்'. எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதெல்லாம் இந்தக் கேரியரின் பெயர். உள்ளே இருப்பது பொன்னி அரிசியா ரேஷன் அரிசியா என்பதை அது சொல்லாது.

"எம்கேவி குவாலிட்டி நல்லா இருக்கும்" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். எவர்சில்வர் கேரியரில் வைத்ததால் சாம்பார் ருசி கூடாது. எம்கேவியின் முழுப்பெயர் மட்ரோஷ்கா. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப் பொம்மையிலிருந்து வந்த பெயர். 2002-இல் தொடங்கிய இந்தக் கேரியரின் பெருமை, எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் எந்தக் கறியை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளும் என்பதுதான். எம்பி4 கொஞ்சம் ஆசாரம் பார்க்கும். டிவிடியின் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். அது எம்பி4-இல் ஒழுங்காக உட்காராது. ஆனால் எம்பி4 அநேகமாக எல்லாப் போனிலும் எல்லா டிவியிலும் ஓடும்.

சாம்பாரை ஒரு கேரியரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் சாம்பார் மாறுவதில்லை. அதுபோல அடுக்குகளை அப்படியே தூக்கி வேறு கன்டெய்னரில் வைப்பதற்கு 'ரீமக்ஸ்' என்று பெயர். சில நிமிடத்தில் முடிந்துவிடும், தரத்தில் ஒரு நூல் கூடக் குறையாது. இந்த ஒரு சொல் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

## கோலம் நோட்டு

அடுக்குக்குள் இருக்கும் படத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்கு.

நம் ஊர் டிவிடியில் ஒரு சட்டகம் என்பது குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் மூன்று பைட்டில் எழுதினால், நொடிக்கு 25 சட்டகம் என்ற கணக்கில் ஒரு நொடிக்கே சுமார் 31 எம்பி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 280 ஜிபி. டிவிடியின் கொள்ளளவோ ஒற்றை அடுக்கு என்றால் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் 8.5. முப்பதில் ஒரு பங்கு இடத்தில் முழுப் படத்தையும் எப்படி அடைத்தார்கள்?

எங்கள் அம்மாவிடம் ஒரு கோலம் நோட்டு உண்டு. மார்கழி முழுவதற்குமான கோலங்கள் அதில் அடக்கம். வாசலில் ஆறடி அகலம் போகும் கோலம், நோட்டில் "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்ற ஒரு வரியும் மூலையில் கட்டைவிரல் அளவு படமும்தான். சில பக்கங்களில் அதுவும் இருக்காது. "முந்தின நாள் கோலம்தான், நாலு மூலையிலும் தாமரை" என்று எழுதியிருக்கும். அந்த எழுத்து முறை தெரிந்தவர் முழுக் கோலத்தையும் போட்டுவிடுவார்.

வீடியோவும் இப்படித்தான் சுருங்குகிறது. சில சட்டகங்களை முழுதாக எழுதி வைக்கிறார்கள். அடுத்தடுத்தவற்றுக்கு, முந்தினதிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் குறிக்கிறார்கள். கதாநாயகி வசனம் பேசும்போது பின்னால் இருக்கும் சுவர் மாறுவதில்லையே, அதை ஏன் நொடிக்கு 25 தடவை எழுத வேண்டும்? இப்படிச் சுருக்கி எழுதவும் திரும்ப விரிக்கவும் வகுத்த முறைக்கு 'கோடெக்' என்று பெயர். விசிடியில் இருந்தது எம்பெக்-1. டிவிடியில் எம்பெக்-2. அடுத்து 2003-இல் எச்.264 வந்தது, 2013-இல் எச்.265. ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் எச்.264-இலும், 4கே ப்ளூ-ரேக்கள் எச்.265-இலும் இருக்கின்றன. புதிய முறை அதே கோலத்தை இன்னும் குறைந்த வரியில் எழுதும். ஆனால் அதைப் படித்து விரிக்க அதிகக் கணக்குப் போட வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். அம்மா வாசலில் போட்ட கோலத்தில் ஒரு கோடு லேசாகத் தடித்திருக்கும், ஓரிடத்தில் மாவு சிந்தியிருக்கும். அதெல்லாம் நோட்டில் ஏறாது. கோடெக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறது. விட்டது விட்டதுதான். நோட்டைப் பார்த்து மறுபடி கோலம் போட்டால் சிந்திய மாவு திரும்பி வராது.

டிவியில் படம் ஓடி, சத்தம் மட்டும் வராமல் போவதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. கேரியரை டிவி திறந்துவிட்டது, படத்தின் கோடெக் அதற்குத் தெரியும், ஒலியின் கோடெக் தெரியாது. பல டிவிகளுக்கு டிடிஎஸ் என்ற ஒலிமுறை புரியாது. எம்கேவி மேல் பழி போட்டுப் பயனில்லை. ஐயம் இருந்தால் கணினியில் விஎல்சி பிளேயரில் படத்தை ஓடவிட்டு, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஜே தட்டுங்கள். எந்த அடுக்கில் எந்தக் கோடெக் என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும்.

இதுவரை பார்த்தது இரண்டே சொல்: கன்டெய்னர் என்பது பாத்திரம், கோடெக் என்பது சமைத்த விதம். பாத்திரத்தை மாற்றினால் நஷ்டமில்லை.

## ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்

மறுபடி சமைத்தால்? ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிறோம், அது கொஞ்சம் மங்கல். அந்த ஜெராக்ஸையே கொடுத்து இன்னொன்று எடுத்தால் புகைப்படத்தில் இருக்கும் முகம் கறுப்புத் திட்டாகிவிடும். டிவிடியில் ஏற்கெனவே நுணுக்கங்களை விட்டுச் சுருக்கிய படத்தை விரித்து, வேறு கோடெக்கில் மறுபடி சுருக்குவது இந்த வேலைதான். இதை 'மறு என்கோடிங்' என்பார்கள். பேச்சு வழக்கில் எல்லோரும் 'கன்வர்ட்' என்று சொல்வது ரீமக்ஸையா மறு என்கோடிங்கையா என்று ஒருபோதும் தெளிவாக இருக்காது. கடைக்காரர் செய்வது அநேகமாக இரண்டாவது.

2009-இல் என்னிடம் 320 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தது. அதில் இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று அறுபது டிவிடிகளையும் ஒவ்வொன்றாக 700 எம்பிக்குச் சுருக்கினேன். 700 எம்பி ஏன் என்றால் அது ஒரு சிடியின் அளவு. அதற்கு வேறு நியாயம் கிடையாது. ஆறு தடத்து ஒலியை இரண்டாக்கினேன், சப்டைட்டிலைக் கழற்றி எறிந்தேன். என் 15 அங்குல மானிட்டரில் பார்த்தபோது எல்லாம் பிரமாதமாக இருந்தது. அதே தைரியத்தில் டிஸ்க்குகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டேன். ஏழு வருஷம் கழித்து 43 அங்குல டிவி வாங்கி அதில் ஒரு படத்தைப் போட்டால், இரவுக் காட்சி முழுக்கக் கட்டம் கட்டமாக, ஓடு பதித்த தரை மாதிரி தெரிந்தது. திரும்பிப் போக வழியில்லை.

அதேபோல் 'எச்டி ஆக்குவது'. 4கே டிவியில் இருப்பது 3840-க்கு 2160 புள்ளி, மொத்தம் 82,94,400. டிவிடிச் சட்டகத்தின் 4,14,720 புள்ளியால் வகுத்தால் சரியாக 20 வரும். டிஸ்க்கில் ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் டிவிக்கு இருபது புள்ளி தேவை. மீதிப் பத்தொன்பதையும் டிவியே ஊகித்துத்தான் நிரப்புகிறது. நீங்கள் முன்கூட்டியே மென்பொருளில் எச்டி அளவான 1080-க்குப் பெரிதாக்கிச் சேமித்தாலும் அதுவும் ஊகம்தான், கூடவே கோப்பு வீங்கும். டிவிக்காரர்கள் அந்த ஊகிக்கும் வேலைக்கென்றே சில்லு வைத்திருக்கிறார்கள். அதனிடமே விட்டுவிடுங்கள்.

என் முடிவு இது: டிவிடியை மறு என்கோடிங் செய்யவே வேண்டாம், ரீமக்ஸ் போதும். படத்துக்கு ஐந்து முதல் ஏழு ஜிபி போகும். சித்தப்பாவின் நூற்றுப் பத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 770 ஜிபி. 1 டிபி டிஸ்க்கைக் கணினியில் செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும் (கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது). அதிலேயே எல்லாம் அடங்கிவிடும். ப்ளூ-ரே என்றால் ஒரு படமே 30, 40 ஜிபி போகும். அப்படி நூறு சேர்ந்தால் மட்டும் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் எச்.265-க்குச் சுருக்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதில் 'ஆர்எஃப்' என்று ஒரு எண் கேட்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். 1080 படத்துக்கு 20-லிருந்து 24-க்குள் வையுங்கள் என்பது அவர்களே தரும் ஆலோசனை. ஒரு படத்துக்கு இத்தனை எம்பி என்று நீங்களே அளவு விதிக்காதீர்கள். என் கதை மறந்திருக்காதே?

## டிஸ்க்கைத் திறந்தால்

டிவிடியைக் கணினியில் போட்டு உள்ளே பார்த்தால் 'வீடியோ_டிஎஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் 'விஓபி' என்று முடியும் கோப்புகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள். அதில் பெரிதாக இருப்பதை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, "படம் இருபது நிமிஷத்துல நின்னுடுது" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஒரே படத்தை ஆறேழு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தத் துண்டுக்குப் பின் எது, பாட்டுகள் எங்கே தொடங்குகின்றன என்ற குறிப்பு 'ஐஎஃப்ஓ' என்ற சின்னக் கோப்புகளில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால்தான் படம்.

முழு டிஸ்க்கையும் மெனு உட்பட அச்சுப் பிசகாமல் ஒரே கோப்பாக எடுத்து வைப்பதற்கு 'ஐஎஸ்ஓ' என்று பெயர். விசிடியில் கதை எளிது. 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறையில் ஒரு 'டாட்' கோப்பு இருக்கும், விஎல்சி அதை அப்படியே ஓட்டும். 352-க்கு 288 புள்ளிதான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் கடையில் வாங்கிய பல படங்களை இழுத்துப் போட்டால் வண்ணக் கந்தலாகத்தான் ஓடும். காரணம் பூட்டு. டிவிடியில் 40 பிட் அளவுள்ள ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவியை டிஸ்க்கின் உள்விளிம்பில், சாதாரணக் காப்பியில் வராத இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிளேயர் அதைப் படிக்கும், உங்கள் காப்பி-பேஸ்ட் படிக்காது. 1999-இல் இந்தப் பூட்டின் ரகசியம் உலகத்துக்கே வெளியாகிவிட்டது. அதில் பங்கிருந்த நார்வே இளைஞர் யான் லெக் யோஹன்சனை அந்நாட்டு நீதிமன்றம் 2003-இல் விடுவித்தது. தான் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைப் பார்ப்பது குற்றமாகாது என்று.

எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டப்படி, சொந்த டிஸ்க்கே ஆனாலும் வீட்டில் பார்க்க நகலெடுப்பதற்காகப் பூட்டைத் திறப்பது தவறு. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம் என்று 2014-இல் விதி கொண்டுவந்தார்கள், மறு வருஷமே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு மீறல் ஆகாது என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து, தன் டிஸ்க்கைத் தன் வீட்டில் பார்க்க நகல் எடுப்பதில் மீறும் நோக்கமில்லை என்று வாதாட இடமுண்டு. ஆனால் நான் வக்கீல் இல்லை, பூட்டைத் திறக்கும் வழியை இங்கே எழுதப்போவதும் இல்லை. இரவல் வாங்கிய டிஸ்க்கும், நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுப்பதும் இந்த வாதத்துக்குள் வராது. அது மட்டும் உறுதி.

சிங்கப்பூரிலிருந்து அத்தை வாங்கி வந்த டிவிடி ஓடவில்லை என்றால் அது வேறு தடை. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து டிஸ்க்கில் எண் போட்டிருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஐரோப்பாவும் வளைகுடாவும் 2. கணினியின் டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் ஐந்தே தடவைதான். ஐந்தாவதாக எதை வைத்தீர்களோ அதோடு பூட்டிக்கொள்ளும். "மாற்றட்டுமா?" என்று பெட்டி வந்தால் யோசிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

சுருக்கமாக: டிஸ்க்கில் படம் துண்டு துண்டாக இருக்கிறது, சிலவற்றில் பூட்டோடு. முழு நகல் என்றால் ஐஎஸ்ஓ, படம் மட்டும் என்றால் ரீமக்ஸ் செய்த எம்கேவி.

## கல்யாண டிஸ்க்கை முதலில் எடுங்கள்

பெட்டியைத் திறந்ததும் சித்தப்பாவின் கை போனது மோசர் பேயர் டிஸ்க்குகள் பக்கம். 2007-இல் விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் இறக்கினார்களே, அப்போது மாதச் சம்பளத்தன்று நாலைந்தாக வாங்கி வருவாராம். நான் வெள்ளை உறையை எடுத்தேன்.

கடைப் படத்தின் டிஸ்க், அச்சில் அடித்தது. பள்ளமும் மேடுமாக வார்த்து மேலே அலுமினியம் பூசியிருப்பார்கள். கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது அப்படியல்ல. அது டிவிடி-ஆர். உள்ளே ஒரு சாயப்பூச்சு இருக்கும், ரைட்டரின் லேசர் அதைச் சுட்டுச் சுட்டுத் தகவலை எழுதும். வெயிலிலும் வெக்கையிலும் சாயம் மங்கும், சாயம் மங்கினால் தகவல் போச்சு. பரண் என்பது வீட்டிலேயே சூடான இடம். போதாததற்கு மாப்பிள்ளை பெண் படம் அச்சடித்த ஸ்டிக்கரை மேலே ஒட்டியிருந்தார்கள். அது ஒரு ஓரம் சுருண்டாலே டிஸ்க் சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். கடைப் படத்தை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். கல்யாண டிஸ்க்குக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. அதில் பூட்டும் கிடையாது.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. மெல்லிய ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழுகிற கீறல் தடத்தோடு நீளமாக ஓடும். டிஸ்க்கில் பிழைதிருத்தத் தகவல் கலந்தே எழுதியிருக்கும், குறுக்குக் கீறலை அதை வைத்துச் சமாளித்துவிடும். தடத்தோடு போகும் நீளக் கீறலை அதனால் சமாளிக்க முடியாது.

முதல் டிஸ்க் சுலபமாக வந்தது. இரண்டாவது, முக்கால்வாசி போனதும் 'கிர்ர்ர், கிர்ர்ர்' என்று நின்று நின்று படித்தது. சாதாரணக் காப்பி அந்த இடத்தில் பிழை காட்டிக் கைவிட்டுவிடும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மெல்ல முயலும். வேறொரு டிரைவில் அதே டிஸ்க்கைப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யலாம். ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒரு மாதிரி. மூன்றாவது டிரைவில், இரவு முழுக்க ஓடி, பந்திப் பரிமாறலில் ஒரு பத்து நொடி தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. "அந்தப் பத்து நொடில என் நாத்தனார் பாயசம் கேட்டுச் சண்டை போட்டா, போகட்டும் விடு" என்றார் சித்தி.

அந்தப் படத்தில் யாராவது வேகமாகக் கை வீசினால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். டிஸ்க் கெட்டதால் அல்ல. அந்தக் காலக் கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவையுமாகப் பிடித்தது. பார்க்கும்போது பிளேயரில் 'டிஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். நகலில் கை வைக்காதீர்கள்.

## டிவியோடு இணைப்பது

கணினி என்றதும் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். டிவிடி ஓட்டுவதற்குப் பதினைந்து வருஷப் பழைய லேப்டாப்பே போதும். 4கே எச்.265 படங்கள் உண்டென்றால்தான், அதை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி உள்ள ப்ராசசர் வேண்டும். இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்து அது ஒழுங்காக இருக்கிறது. 2023-இல் வந்த என்100 சில்லு வைத்த கையடக்க மினி கணினிகள் இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. சத்தமில்லை, மின்சாரமும் அதிகம் இழுக்காது.

மென்பொருளில் கோடி நல்லது. நம்ம ஊர்க் கோடி இல்லை, 'எக்ஸ்பிஎம்சி' என்ற பெயரில் இருந்து 2014-இல் பெயர் மாறியது. ஒவ்வொரு படத்தையும் அதன் பெயரும் அடைப்புக்குள் ஆண்டும் போட்ட கோப்புறையில் வைத்தால் சுவரொட்டி, நடிகர் பட்டியல் எல்லாம் அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு மூன்று படம் எடுப்பது நம் வழக்கமாயிற்றே, ஆண்டு போடாவிட்டால் எம்ஜிஆர் படத்துக்கு நேற்று வந்த படத்தின் சுவரொட்டி வந்து உட்காரும்.

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் முதலில் வரும் தொல்லை, திரையின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிவது. குழாய் டிவிக் காலத்தில் படத்தின் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும் என்பதால் அதைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். அதற்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர். பழக்கம் விடாமல் புது டிவிகளும் அதைச் செய்கின்றன. டிவியின் பட அமைப்பில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போய்விடும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் லேசாகத் துள்ளினால், நொடிக்கு 24 சட்டகப் படத்தை 60 தடவை புதுப்பிக்கும் திரையில் பார்க்கிறீர்கள் என்று பொருள். கோடியின் அமைப்பில் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லலாம்.

அடுத்த புகார் எல்லா வீட்டிலும் உண்டு. "வசனம் ஒண்ணும் கேக்கல, பாட்டு வந்தா மட்டும் வீடு அதிருது." ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. 5.1 என்றால் ஆறு தனித்தனி ஒலித்தடம். முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, அந்த '.1' அடித்தொனிக்கு மட்டும். சினிமாவில் வசனத்தை எல்லாம் நடுத்தடத்தில்தான் வைப்பார்கள். உங்கள் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஆறு இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருந்தால் நடுத்தடத்தை இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பும். கணினியின் ஒலி அமைப்பிலும் கோடியிலும் 2.0 என்று வையுங்கள். அப்போது ஆறையும் கலந்து இரண்டாகத் தரும், நடுத்தடத்தை மட்டும் கூட்டி வைக்கவும் கோடியில் வசதி உண்டு. 'பாஸ்த்ரூ' என்று ஒரு பொத்தான் பார்ப்பீர்கள். சுருக்கிய ஒலியைக் கணினி விரிக்காமல் அப்படியே வெளியே தள்ளுவது அது. விரிக்கத் தெரிந்த ரிசீவரோ சவுண்டுபாரோ இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ஊமைப் படம்தான்.

ரிமோட் விஷயம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கோடி போட்டால் டிவி ரிமோட்டே வேலை செய்யும். சாதாரணக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை, ஆண்ட்ராய்டு போனில் 'கோர்' செயலியைப் போட்டுக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு நான் அந்த ராஸ்பெரி பையைத்தான் வைத்துக் கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து மவுஸ் தேட அவரால் ஆகாது.

## இரண்டாவது பிரதி எங்கே?

நூற்றுப் பத்தையும் இறக்கி முடிக்க மூன்று வாரக் கடைசிகள் ஆயின, டிஸ்க்குக்கு இருபது நிமிஷம் கணக்கு. இடையில் ஒரு பென்டிரைவில் படம் ஏற மறுத்தது. இடம் நிறைய இருந்தும் 'கோப்பு பெரிது' என்றது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினேன், ஏறியது.

"அப்ப பேக்கப் முடிஞ்சுது" என்றார் சித்தப்பா. முடியவில்லை. டிஸ்க்கிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு வந்தது இடமாற்றம். மூலம் ஒரு பக்கம் கெட்டுக்கொண்டு வருகிறது, புதுசு ஒரே தள்ளில் மேசையிலிருந்து விழக்கூடியது. வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து அதையும் அதே பீரோவில் வைப்பவர்கள் உண்டு; தீ வந்தால் இரண்டும் போகும். கணினி உலகில் 3-2-1 என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். சினிமாப் படங்களுக்கு அவ்வளவு பாடு வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஹார்டு டிஸ்க், மூலமாகப் பழைய டிஸ்க்குகள், போதும். கல்யாண வீடியோ இரண்டுக்கும் சேர்த்து 9 ஜிபி கூட இல்லை. அதை மட்டும் இன்னொரு டிஸ்க்கில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்தேன், மெட்ராஸில் இருக்கும் தங்கையிடம் ஒன்று இருக்கிறது.

வேலை முடிந்ததும் சித்தி கேட்டார், "இனிமே இந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமா?" வேண்டாம் என்றேன். பரணில் மட்டும் வைக்காதீர்கள், அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள் என்றேன். எந்த டிரைவிலும் படிக்காமல் போன நாலு விசிடிகளை மட்டும் அவரிடம் கொடுத்தேன். மொட்டை மாடியில் கூழ்வடகம் காயப்போட்ட இடத்தில் இப்போது அவைதான் நூலில் தொங்கிக்கொண்டு காக்காய் விரட்டுகின்றன.